பாலில் மூன்று சொட்டு

அன்று நான் இத்தோ அக்காவிடம் சொல்லாமல் விட்டது சின்ன வாக்கியம்தான்: "அதைக் குடிக்காதே, அக்கா."

எண்ணெய் வடிக்கும் புதுச் செம்பு வாலையில் முதல் எண்ணெய் இறங்கிய நாள் அது. ஓடைக்கரையில் அறுத்த ஃபிலியோ, எங்கள் மலையின் காட்டுப் புதினா, விடிந்ததிலிருந்து வெந்துகொண்டிருந்தது. குழாயின் முனையில் மஞ்சள் பளபளப்பாக முதல் துளி திரண்டதும் வாலையில் பங்குள்ள பெண்கள், அக்காவின் தோழி ஹத்தூம் உட்பட, குலவையிட்டார்கள். அக்கா சுடு பாலில் மூன்று சொட்டு விட்டு, எல்லோரும் பார்க்கக் குடித்தாள். எனக்கும் ஒரு தம்ளர் நீட்டினாள். அந்த எண்ணெயைப் பற்றி ஃபெஸ் நகரத்து ஆய்வகத்தில் நான் ஏற்கெனவே படித்திருந்தேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

அதன்பின் நாங்கள் எழுதிக்கொண்ட கடிதங்கள் இவை. எங்கள் ஊரான ஐத் வஃபெல்லாவில் தொலைபேசி ஒன்றே ஒன்று. அது மளிகைக்கடையில் இருந்தது. அதில் பேசினால் பத்துப் பேர் கேட்பார்கள். கடிதத்தை வியாழச் சந்தைக்கு வரும் பேருந்தின் ஓட்டுநர் மிமூன் கொண்டுபோய்க் கொண்டுவருவார்.

ஃபெஸ், 22 ஆகஸ்ட் 1999

பிரியமுள்ள அக்காவுக்கு,

உனக்கும் அத்தானுக்கும் சலாம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? அத்தானின் முழங்கால் வலி குறைந்ததா? ஹத்தூம் அக்கா அந்தப் பல்லைப் பிடுங்கிக்கொண்டாளா, இன்னும் கிராம்பை அடைத்துக்கொண்டுதான் திரிகிறாளா? நான் சுகம்.

நீ கட்டிக்கொடுத்த வெண்ணெய் பேருந்தில் உருகி இரண்டு புத்தகங்களை நனைத்துவிட்டது. அவற்றைத் திறந்தாலே ஊர் வாசனை வருகிறது, அதனால் வருத்தமில்லை. எண்ணெய்க் குப்பி பத்திரமாக இருக்கிறது. முடிக்குத் தேய்க்கத்தானே கேட்டேன்.

சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்: அந்தக் கட்டு எந்தச் சரிவில் அறுத்தது? பூத்த பிறகா, முன்பா? எத்தனை மணி நேரம் அடுப்பில் இருந்தது?

வாலையைச் சுற்றி நின்ற பதினோரு பெண்களையும் நீ ஒரு பார்வையால் வேலை வாங்கியது கண்ணிலேயே நிற்கிறது. எங்கள் பேராசிரியருக்கு நான்கு உதவியாளர்களை அப்படி நடத்தத் தெரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் லுப்னா

ஐத் வஃபெல்லா, 9 செப்டம்பர் 1999

தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அல்லாஹ் உனக்குச் சுகத்தைத் தரட்டும். அத்தானின் முழங்கால் மழை வரப்போவதை முன்கூட்டியே சொல்கிறது. ஹத்தூம் பல்லைப் பிடுங்கிவிட்டாள், அதனால் இப்போது இன்னும் அதிகம் பேசுகிறாள். பழுப்புப் பசு ஈன்றிருக்கிறது. வாலை நலம்.

ஓடையின் வடக்குச் சரிவு. பூ பாதி விரிந்தபோது அறுத்தது. மூன்று மணி நேரம். முடிக்குத் தேய்ப்பவளுக்குச் சரிவு எதற்கு என்று ஹத்தூம் கேட்கிறாள். நான் கேட்கவில்லை.

இன்று சந்தைக்கு மெக்னெஸ் வியாபாரி ஹாஜ் ஜிலாலி வந்தார். நம் வழக்கம் உனக்குத் தெரியும். வடித்தவளின் நாக்குதான் சாட்சி. ஒரு ஆள் வந்து கேட்டால் ஒரு தரம் நக்கிக் காட்ட வேண்டும்.

"போன வாட்டி ஒருத்திகிட்ட வாங்கினது பெயின்ட் கடை வாசம் அடிச்சுதும்மா. ஒன்னோடது எப்படி?" என்றார்.

"வீட்டுக்கு வெள்ளையடிக்கவா நான் வடிக்கிறேன்? பாத்துக்குங்க ஹாஜி" என்று விரலைக் குப்பியில் நனைத்து நக்கினேன்.

"இன்னொரு குப்பி?"

அதையும் நக்கினேன். ஆறு குப்பி, ஆறு தரம்.

"ஹாஜி, பாத்து இருங்க" என்றாள் ஹத்தூம். "அந்த நாக்குக்கு ரெண்டு வேலை. எண்ணெயச் சோதிக்கும், ஆளு தோலையும் உரிக்கும்."

அவர் சிரித்து, குளிர்காலம் முடிந்ததும் மொத்தச் சரக்கையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார். பதினோரு வீட்டுக் கூரைக்கும் தகரம் போடலாம் என்று பெண்கள் இப்போதே சண்டை போடுகிறார்கள்.

நன்றாகச் சாப்பிடு.

இத்தோ

ஃபெஸ், 30 செப்டம்பர் 1999

பிரியமுள்ள அக்காவுக்கு,

எல்லோர் சுகத்தையும் எழுதியிருந்தாய். படிக்கப் படிக்கச் சந்தோஷம். உன் சுகத்தை எழுத மறந்துவிட்டாய்.

இங்கே வேலை அதிகம். எங்கள் அறையில் நாற்பது வெள்ளை எலிகள். செடிகளின் எண்ணெய்களைச் சிறு அளவில் தினமும் கொடுத்து, அவற்றின் ரத்தத்தையும் கல்லீரலையும் பார்க்கப்போகிறோம். அவை என் கையை முகர்ந்து பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

அக்கா, பாலில் இப்போதும் சொட்டு விடுகிறாயா? சளிக்கு இலை போதுமே. நாலு இலையைப் பாலில் போட்டுக் கொதிக்கவைத்தால் ஆகாதா? சும்மா கேட்டேன்.

உன் லுப்னா

ஐத் வஃபெல்லா, 4 நவம்பர் 1999

தங்கைக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. கம்பளி வேலை. அத்தான் நலம். கன்று நலம், உன்னைப் போலவே ஒல்லி. ஹத்தூம் மகளுக்குப் பெண் குழந்தை.

இலை போதாதா என்று கேட்கிறாய். எண்ணெய் இல்லாதவர்களுக்குத்தான் இலை. ஒரு சொட்டில் ஒரு கை இலை இருக்கிறது. ஒரு கை இலை ஒரு இருமலை நிறுத்தினால், அந்தச் சொட்டு ஒரு குளிர்காலத்தையே நிறுத்தாதா? சந்தையில் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லி விற்கிறேன். பள்ளிக்கூடம் போனவள் நீ, உனக்கு இந்தக் கணக்குத் தெரியாதா?

காலையில் பாலில் மூன்று சொட்டு, வியாழக்கிழமை வருகிறவர்களுக்கு நக்கிக் காட்டுவது தனி. குளிர் தொடங்கிவிட்டதால் நிறையப் பேர் வருகிறார்கள்.

கம்பளித் தூசியால் உடம்பெல்லாம் அரிக்கிறது. ரொட்டி வாசனையே பிடிக்கவில்லை. நேற்று ஹத்தூம், "என்னடி, கண்ணு ரெண்டும் எலுமிச்சம்பழமாட்டம் இருக்கு? பிழிஞ்சு ஊறுகா போட்டுரட்டுமா?" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

நகரத்துப் பால் உனக்குப் பழகிவிட்டிருக்கும்.

இத்தோ

ஃபெஸ், 18 நவம்பர் 1999

பிரியமுள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். கடைசி வரி எனக்குப் புரியவில்லை; அதைப் பிறகு கேட்கிறேன்.

கம்பளித் தூசி கண்ணை மஞ்சளாக்காது. ஒரு நாள் ஃபெஸ்ஸுக்கு வா. ரத்தம் எடுத்துப் பார்க்கலாம், கால் மணி நேர வேலை. என் அறைத் தோழி ஊருக்குப் போயிருக்கிறாள், கட்டில் காலி.

எலிகளுக்கு எண்ணெய் கொடுத்து முப்பது நாளாகிறது. ரத்தத்தைச் சோதித்தோம். கல்லீரல் புண்பட்டால் அதிலிருந்து சில பொருள்கள் ரத்தத்தில் கசியும். ஃபிலியோ எண்ணெய் குடித்த கூண்டில் அவை இரண்டு மடங்கு. சிவப்பணுக்களும் குறைந்திருக்கின்றன. எலி வேறு, மனுஷி வேறு. அளவும் வேறு. இருந்தாலும் சொட்டை நிறுத்தேன், அக்கா. கொஞ்ச நாளைக்கு மட்டும்.

உன் லுப்னா

ஃபெஸ், 9 டிசம்பர் 1999

பிரியமுள்ள அக்காவுக்கு,

நோன்பு தொடங்கிவிட்டது. அல்லாஹ் உங்கள் நோன்பை ஏற்றுக்கொள்ளட்டும். நான் எழுதி மூன்று வாரமாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. கோபமா? மிமூனிடம் கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு உங்கக்கா. நான் ஹாரன் அடிச்சா மொறைக்குது" என்கிறார். எதைக் கேட்டாலும் அந்த மனுஷன் பேருந்தைப் பற்றியே பேசுகிறார்.

உன் உடம்பைப் பற்றி மட்டும் இரண்டு வரி எழுது.

உன் லுப்னா

ஐத் வஃபெல்லா, 6 ஜனவரி 2000

தங்கைக்கு,

பெருநாள் நெருங்கிவிட்டது. நீ வர முடியாது என்று சொல்லியனுப்பினாய். எலிகளுக்குப் பெருநாள் கிடையாதா?

என் உடம்பைக் கேட்டாய். இப்போது சொல்லலாம், ஏனென்றால் சரியாகிவிட்டது. நடுவில் இரண்டு மாதம் படுத்தி எடுத்தது. வலது விலாவுக்குக் கீழே கல் கட்டினாற்போல. மலைப்பாதையில் இரண்டு தரம் உட்கார்ந்து எழுந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வடிக்கிறவளே நோயாளி என்றால் எண்ணெயை எவன் வாங்குவான்?

நோன்புதான் என்னைக் காப்பாற்றியது. பகலில் ஒரு துளியும் நாக்கில் படக்கூடாதே, அதனால் சந்தையில் நக்கிக் காட்டுவது நின்றது. விடியுமுன் சஹர் சாப்பாட்டில் பாலில் சொட்டு விட்டால் பகலெல்லாம் தாகம் எடுக்கிறது, அதையும் விட்டேன். இரண்டாம் வாரம் அரிப்பு போயிற்று. மூன்றாம் வாரம் சூப்பை இரண்டு கிண்ணம் குடித்தேன். கண் வெளுத்துவிட்டது. ஹத்தூம், "ஊறுகா போச்சே" என்று வருத்தப்படுகிறாள். வருஷம் முழுக்க நோன்பு வைக்கலாம் போலிருக்கிறது.

பெருநாள் முடிந்த வியாழன், 13ஆம் தேதி, ஹாஜ் ஜிலாலி வண்டியோடு வருகிறார். ஐம்பது குப்பியையும் ஒவ்வொன்றாக நக்கிக் காட்டச் சொல்வார். காட்டிவிட வேண்டியதுதான்.

பெருநாள் வாழ்த்து.

இத்தோ

ஃபெஸ், 12 ஜனவரி 2000

அக்கா,

இதை மிமூன் கையில் கொடுத்து, சந்தை தொடங்குமுன் உன்னைப் படிக்கவைக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். தொலைபேசியில் சொன்னால் உன் காதுக்கு வருமுன் ஊர் காதுக்குப் போய்விடும். நேரில் வந்து சொல்லத் துணிவில்லை. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

உன்னைக் காப்பாற்றியது நோன்பு, சரி. ஆனால் எதிலிருந்து என்று நீயே எழுதியிருக்கிறாய், படித்துப் பார். எங்கள் கூண்டுகளில் எண்ணெயை நிறுத்திய எலிகள் மூன்று வாரத்தில் தேறிவிட்டன. நிறுத்தாதவற்றின் கல்லீரலை நான் வெட்டிப் பார்த்தேன். வேகவைத்த ரவைபோல் வெளிறி, தொட்டால் உதிர்ந்தது. உன் உடம்பும் அந்தக் கூண்டுகளும் ஒரே கதையைச் சொல்கின்றன.

இலையைக் கொதிக்கவைத்தால் எண்ணெயில் பெரும்பகுதி ஆவியாகப் போய்விடுகிறது. மிச்சம் இருப்பது கொஞ்சம். அதுவும் கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கூடாது. வாலை அந்த ஆவியைத்தான் பிடித்துக் குப்பியில் அடைக்கிறது. நீ சொன்ன கணக்கு சரி, ஒரு சொட்டில் ஒரு கை இலை. அதனால்தான் குடிக்கக் கூடாது.

நான் சொல்ல வேண்டியது இன்னும் இரண்டு இருக்கிறது.

எலிகளுக்குக் கொடுத்தது உன் எண்ணெய். முடிக்கு என்று பொய் சொல்லி வாங்கினேன்.

அன்று நீ கொடுத்த பாலை நான் குடிக்கவில்லை. நீ திரும்பியதும் சமையல்கட்டுக்குப் பின்னால் ஊற்றிவிட்டேன். எனக்கு வேண்டாம் என்று எனக்குத் தெரிந்திருந்தது, உனக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை. பதினோரு பெண்களும் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ அவ்வளவு அழகாக இருந்தாய். அதைக் கெடுக்க மனம் வரவில்லை. இது சாக்கு இல்லை, நடந்தது.

நாளை நக்காதே. என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு.

லுப்னா

ஐத் வஃபெல்லா, 3 பிப்ரவரி 2000

தங்கைக்கு,

நான் சுகம். இந்தத் தடவை என்னிலிருந்தே தொடங்கிவிட்டேன், பார்.

மிமூன் அன்று பேருந்தை நடுச்சந்தையில் நிறுத்தி, "அம்மா, இதப் படி. தங்கச்சி உத்தரவு. படிக்கலேன்னா ஹாரன விடாம அடிப்பேன்" என்று கடிதத்தை நீட்டினார். வாற்கோதுமை மூட்டைமேல் உட்கார்ந்து இரண்டு தரம் படித்தேன். அதற்குள் ஹாஜி வந்துவிட்டார்.

"எங்க, நக்கு பாப்போம்" என்றார்.

"இன்னிக்கு நக்க மாட்டேன் ஹாஜி. இனிமே என்னைக்குமே."

"அப்ப கலப்படமா?"

"கலப்படம் இல்ல. ரொம்பச் சுத்தமா இருக்கு. அதான் வம்பே."

கூட்டம் கூடிவிட்டது. உன் கடிதத்தில் எலி வரும் பக்கத்தை உரக்கப் படித்தேன். "ஒரு கூடை இலைய ஒரே வாயில திம்பீங்களா? ஒங்க கழுதைகூடத் திங்காது. நான் நாலு மாசமாத் தின்னுருக்கேன். தேயுங்க, துணியில வச்சு பூச்சி விரட்டுங்க. குடிக்காதீங்க" என்றேன். குடிக்கிற எண்ணெய்க்குத்தான் மெக்னெஸ்ஸில் ஆள் இருக்கிறார்களாம். ஹாஜி வெறும் வண்டியோடு போய்விட்டார்.

பெண்கள் என்மேல் பாய்ந்தார்கள். "ஒன் தங்கச்சி எலிக்கு ஊத்தினா, எங்க கூரை ஏன்டி ஒழுகணும்?" என்றாள் ஹத்தூம்.

"எலி வந்து வலிக்குதுன்னு சொல்லுமா? எனக்கு வலிச்சுது, நானும் சொல்லல. எலுமிச்சம்பழம்னு மொதல்ல பாத்தவ நீதானடி."

அவள் என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். மறுநாள் காலையில் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "எத்தன குப்பி வித்திருக்க? வா, தேடலாம்."

குடிக்கச் சொல்லி நான் விற்றது நாற்பத்தொன்று. மூன்று வாரமாக இரண்டு பேரும் ஆறு ஊர் நடந்தோம். ஒரு குப்பிக்கு ஒரு கட்டுக் காய்ந்த இலை என்று மாற்றிக்கொண்டோம். நாற்பது வந்துவிட்டது. ஒன்று மட்டும் இல்லை. பச்சைச் சால்வை போட்ட ஒருத்தி, இருமுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து வாங்கினாள். பெயர் கேட்கவில்லை. மற்றதெல்லாம் தூக்கத்தைக் கெடுக்கவில்லை, இது கெடுக்கிறது.

உன் இரண்டு விஷயத்துக்கு வருகிறேன். முடிக்குத் தேய்ப்பவள் சரிவு கேட்க மாட்டாள். என் எண்ணெயைத்தான் சோதிக்கிறாய் என்று செப்டம்பரிலேயே தெரியும். நல்லது என்று எழுதுவாய் என நினைத்து உள்ளூரப் பெருமைப்பட்டேன்.

பாலையும் பார்த்தேன். மண்ணில் வெள்ளையாகத் தெரிந்தது. நகரத்துக்காரிக்கு நம் வீட்டுப் பால் இறங்கவில்லை என்று நினைத்தேன். நவம்பரில் நீ நிறுத்து என்று எழுதியபோது அந்தப் பால்தான் கண்முன் வந்தது. அதனால்தான் பதில் எழுதவில்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன், ஒருவேளை அறைந்துமிருப்பேன். ஆனாலும் சொல்லியிருக்கணும்டி.

படிப்புக்காக நீ எழுதும் புத்தகத்தில் எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று எழுத வேண்டுமாமே. மறைக்காதே. என் பெயரையும் ஊர்ப் பெயரையும் எழுது. மறைத்தால், எவளோ ஒருத்தியின் கெட்ட எண்ணெயைப் பற்றி எழுதியிருக்கிறாய் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நன்றாக வடித்த எண்ணெய்தான் இப்படிச் செய்யும் என்பது தெரிய வேண்டும்.

இத்தோ

ஃபெஸ், 10 பிப்ரவரி 2000

அக்கா,

நீ சுகம் என்ற முதல் வரியிலேயே வெகுநேரம் நின்றுவிட்டேன். எங்கள் துறையில் தங்கள் முடிவு தவறு என்று தெரிந்தபின் அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நீ அதைச் சந்தையில் நின்று படித்திருக்கிறாய்.

பெயரை எழுதுகிறேன். அறைவதற்காவது வா. அப்படியே ரத்தமும் எடுத்துவிடலாம்.

உன் லுப்னா

ஐத் வஃபெல்லா, 24 பிப்ரவரி 2000

தங்கைக்கு,

எல்லோரும் சுகம். நானும்.

இன்று பச்சைச் சால்வைக்காரி சந்தைக்கு வந்தாள். ஹத்தூம் ஓடிப்போய்ச் சால்வையைப் பிடித்துக்கொண்டாள், அந்தப் பெண் ஹத்தூமைத் திருடியென்று கத்தினாள். பிள்ளை நன்றாக இருக்கிறது, கொழுகொழுவென்று. குப்பியைப் பற்றிக் கேட்டேன்.

"கம்பளி மூட்டைக்குள்ள கெடக்கு. குடுக்கவே இல்லக்கா" என்றாள்.

"ஏன்?"

"கோவிச்சுக்காதீங்க. நீங்க அவ்ளோ சுளுவா நக்கினத வீட்டுக்குப் போய் யோசிச்சுப் பாத்து, இது வெறும் தண்ணிதான்னு நெனச்சேன்."

ஹத்தூம் வாற்கோதுமை மூட்டைமேல் விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன், அதை யாரும் பார்க்கவில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

அடுத்த மாதம் வருகிறேன். வெண்ணெய் கொண்டுவருகிறேன், புத்தகங்களை மேலே தூக்கி வை.

இத்தோ

அக்கா மார்ச்சில் வந்தாள். என்னை அறையவில்லை. ரத்தம் எடுத்தோம், கல்லீரலிலிருந்து கசியும் பொருள்கள் இருக்க வேண்டியதைவிட இரண்டு மடங்கு இருந்தன. ஹாஜ் ஜிலாலி எங்கள் சந்தைக்கு மறுபடி வரவில்லை; வாலையில் இப்போது சோப்புக்காரர்களுக்கு ரோஸ்மேரி வடிக்கிறார்கள், நான்கு கூரைகளுக்குத் தகரம் ஏறியிருக்கிறது. என் ஆய்வேட்டின் இருபத்தொன்றாம் பக்கத்தில் அக்காவின் பெயரும் ஊரின் பெயரும் இருக்கின்றன. ஜூன் பதினான்காம் தேதி மறுபடி ரத்தம் எடுத்தோம். எல்லா அளவுகளும் சரியாக இருந்தன.